குடாநாட்டுப் பாலங்களைப் படமெடுப்பது: எங்கே நிற்பது, எதைக் கேட்பது?

உப்பாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் உள்ள பாலங்களையும் தாம்போதிகளையும் (நீருக்குள் உயர்த்திப் போட்ட வீதிகளையும்) படமெடுத்து, அவற்றைக் கடந்து போய் வந்தவர்களின் நினைவுகளோடு சேர்த்து எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் காட்சிக்கு வைக்க நண்பர்கள் சிலர் முயன்று வருகிறோம். பண்ணை, நாவற்குழி, கோப்பாய்–கைதடி, வல்லை, தொண்டைமானாறு, பொன்னாலை, அராலி, புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலம், சங்குப்பிட்டி ஆகியவை இப்போதைக்குப் பட்டியலில் உள்ளன. ஆனையிறவைச் சேர்க்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் தீரவில்லை. அது பாலமா, அணையா, வெறும் வீதியா என்று ஆளுக்கொன்று சொல்கிறோம்.

எங்களுக்கு இரண்டு இடங்களில் தடங்கல் வந்திருக்கிறது. எடுத்த படங்கள் எல்லாம் ஒரே பாலத்தின் படங்கள் போலத் தோன்றுகின்றன. இங்கே நிலமும் தட்டை, நீரும் ஆழமில்லை, பாலங்களும் தாழ்வானவை. வளைவோ கோபுரமோ எதுவும் இல்லாததால் வானத்துக்கும் நீருக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கோடு மட்டுமே கிடைக்கிறது. அடுத்தது, முதியவர்களிடம் ஒரு பாலத்தைப் பற்றிக் கேட்டால் அவர்கள் பாலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வல்லைப் பாலத்தைப் பற்றிக் கேட்கப் போனோம். பருத்தித்துறைப் பேருந்தில் மீன் கடகத்தோடு ஏறிய பெண்களுக்கும் நடத்துநருக்கும் நடந்த சண்டையைத்தான் ஒரு ஐயா மணிக்கணக்கில் சொன்னார். கதை அருமையானது, ஆனால் அதைப் பாலத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒட்டவில்லை.

படத்தை எப்படி எடுத்தால் அது நினைவோடு சேரும், நினைவை எப்படிக் கேட்டால் அது இடத்தோடு சேரும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். ட்ரோன் வாங்கலாம் என்று ஒரு நண்பர் பிடிவாதமாக இருக்கிறார். அதைப் பற்றியும் உங்கள் கருத்து தேவை.

தீவகன் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். படங்கள் ஒன்று போல இருப்பதற்குப் பாலங்களின் மேல் பழி போடாதீர்கள். எல்லாவற்றையும் வீதியோரத்தில் நின்று, பொழுது சாயும் நேரத்தில், ஒரே பருவத்தில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பண்ணையில் கோட்டைப் பக்கம் நின்று மேற்கே சூரியன் விழுவதை எடுத்த படங்கள் முகநூலில் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் பாலம் ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேல் செம்மஞ்சள் வானம், அவ்வளவுதான். அந்த வானம் பண்ணைக்கு மட்டும் சொந்தமானதன்று.

அதே பண்ணைக்கு விடியற்காலையில் போய், மண்டைதீவுப் பக்கத்திலிருந்து நகரத்தை நோக்கி நில்லுங்கள். பாலத்தடியில் நீர் ஓடும் கண்களுக்குப் (திறப்புகளுக்குப்) பக்கத்தில் வீச்சு வலைக்காரர்கள் நிற்பார்கள். ஒருவர் வலையின் விளிம்பில் ஒரு பகுதியைப் பல்லால் கவ்விக்கொண்டு, மீதியை இரண்டு கைகளிலும் பிரித்து, இடுப்பைத் திருப்பி வீசும் அந்தக் கணத்தில் வலை முழு வட்டமாக விரிந்து நிற்கும். ஈயக் குண்டுகள் நீரைத் தொடும்போது இன்னொரு வட்டம் எழும். இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் பாலத்தின் தூண் நிற்கும்படி எடுத்தால், அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது பண்ணை என்றும், அந்தப் பாலம் எதற்குப் பயன்படுகிறது என்றும் விளங்கும்.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பரவைக் கடலில் (ஆழமில்லாத கடல்நீரேரியில்) வற்றுப் பெருக்கு பெரிதாக இல்லை. நீர்மட்டத்தை மாற்றுவது மழையும் காற்றும்தான். கார்த்திகை, மார்கழியில் நீர் ஏறிப் பாலத்தின் அடிவயிற்றை எட்டிப் பார்க்கும். ஆடி, ஆவணியில் வல்லை வெளியில் நீர் பின்வாங்கி, வெடித்த சேறும் அதன் மேல் உப்புப் பூத்த வெள்ளையும் தெரியும். ஒரே பாலத்தை, ஒரே இடத்தில் நின்று, இரண்டு பருவங்களிலும் எடுங்கள். அதற்கு நின்ற இடத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தத் தூணுக்கு நேரே நின்றீர்கள், கமராவை எவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள், லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர். இதை எழுதாமல் விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த இடத்தை மறுபடி பிடிக்க முடியாது.

தாழ்ந்த பாலத்துக்கு அகன்ற லென்ஸ் உதவாது. அது ஏற்கனவே மெலிந்ததை இன்னும் மெலிய வைக்கும். கரையோரமாகத் தூரம் போய் 200 மில்லிமீற்றர் போன்ற நீண்ட லென்ஸால் சாய்வாக எடுத்தால் தூண்கள் ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி வந்து அடுக்கி நிற்கும். பாலத்துக்கு ஒரு கனம் வந்துவிடும். சோளகக் காற்றுக் காலத்தில் முக்காலிக்குக் கீழே ஒரு மணல் பையைத் தொங்கவிடுங்கள். லென்ஸில் உப்புநீர்த் துளி படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, உப்புக் குருணி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகுதான் உலர்ந்த துணி. முக்காலியின் கால்களையும் வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் கழுவுங்கள்.

ட்ரோன் வேண்டாம் என்பது என் கருத்து. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் ஒரு புறம், பாலங்களுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கும் முகாம்கள் மறுபுறம். அனுமதி கிடைத்தாலும், மேலிருந்து பார்த்தால் எல்லாத் தாம்போதிகளும் வரைபடத்தில் கீறிய கோடு போலத்தான் இருக்கும். உங்கள் முதல் முறைப்பாடே அதுதானே?

பழைய மதகு எழுதியது:

வீதி வேலைகளில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் பாலம் என்று எல்லோரும் சொல்வதில் பெரும் பகுதி பாலமே அன்று. கடல்நீரேரி ஆழமில்லாததால், கல்லும் மண்ணும் கொட்டி நீருக்குள்ளே வீதியை உயர்த்திக்கொண்டு போய், நீர் ஓடுவதற்கு மட்டும் இடையிடையே கண்களை விட்டிருக்கிறார்கள். பண்ணையும் பொன்னாலையும் வாணர் பாலமும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே படமெடுக்கப் போகிறவர் முதலில் தேட வேண்டியது அந்தக் கண்களை. அங்கேதான் நீரோட்டம் இருக்கும், அங்கேதான் இறாலும் மீனும் ஒடுங்கி வரும், அங்கேதான் வலைக்காரர் நிற்பார். கண்களை எங்கே, எத்தனை விடுவது என்பதில் பொறியியலாளருக்கும் கடற்றொழிலாளருக்கும் எப்போதும் இழுபறிதான். செலவைப் பார்க்கிறவர் குறைக்கச் சொல்வார், மீனைப் பார்க்கிறவர் கூட்டச் சொல்வார். ஒரு தாம்போதியின் வரலாற்றைக் கேட்க வேண்டுமானால் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். பேருந்தில் கடந்தவரைவிட அவர்களுக்குத்தான் பாலத்தின் அடிப்பக்கம் தெரியும்.

தொண்டைமானாற்றை மற்றவற்றோடு சேர்த்து ஒரே மாதிரி எடுத்துவிடாதீர்கள். அங்கே இருப்பது கதவுகள் கொண்ட தடுப்பணை. மழைக்காலத்து நன்னீர் கடலுக்கு ஓடிப் போகாமலும், கோடையில் கடல்நீர் உள்ளே ஏறாமலும் பார்த்துக்கொள்வதற்காகக் கட்டப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தில் அதற்கும் அரியாலைத் தடுப்பணைக்கும் இடம் உண்டு. வன்னியிலிருந்து கனகராயன் ஆற்றால் வரும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து உப்பாறு வரை நன்னீராக்கி, குடாநாட்டுக் கிணறுகளின் உவர்ப்பைக் குறைப்பது அவருடைய எண்ணம். அதன்படி ஆனையிறவில் வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் கீழே இருந்த நீர்வழிகளை அடைக்க வேண்டும். திட்டம் இன்று வரை முழுமை பெறவில்லை. ஆகவே உங்கள் வாக்குவாதத்துக்கு என் பதில்: ஆனையிறவைச் சேருங்கள், ஆனால் பாலமாக அன்று, அணையாக. ஒல்லாந்தர் காவல் வைத்த இடம், 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியபோது தண்டவாளம் தாண்டிய இடம், 1991இலும் 2000இலும் பெரும் சமர்கள் நடந்த இடம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், நீர் ஓடாமல் நிற்கும் இடம் என்பதையும் படம் காட்டட்டும்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இன்னொன்று கொங்கிறீற். தூண்களில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்துக் காயும் பட்டியைப் பாருங்கள். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துருப்பிடித்த கம்பி பருக்கும்; பருத்ததும் மேலுள்ள கொங்கிறீற் நீளவாக்கில் வெடித்து ஓடாகக் கழன்று விழும். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி அவ்வளவு கெடாது, ஏனென்றால் துருவுக்குக் காற்றும் வேண்டும். பாலத்தின் வயதைச் சொல்வதற்குத் திறப்பு விழாக் கல்லைவிட இந்தப் பட்டி நம்பகமானது. திறப்பு விழாக் கற்களில் அமைச்சரின் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

புதிய பாலத்துக்குப் பக்கத்தில் பழையதன் அடித்தூண்கள் நீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் எடுங்கள். போருக்குப் பின்னர் பல இடங்களில் போடப்பட்ட பெய்லி வகை இரும்புப் பாலம் எங்காவது மிஞ்சியிருந்தால் உடனே போய்விடுங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் உருவாக்கிய முறை அது. 10 அடி நீளமுள்ள ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்கலாம். சட்டங்களை ஆணி போட்டு இணைத்துக்கொண்டே போனால் பாலம் நீளும். வாகனம் ஏறும்போது பலகைகள் எழுப்பும் ஒலியையும் பதிவு செய்யுங்கள், பலருக்கு அந்த ஒலிதான் முதலில் நினைவுக்கு வரும்.

கைதடி மகள் எழுதியது:

இந்தத் திரியைச் சில நாட்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன்.

நான் வலிகாமத்தில் பிறந்தவள், திருமணமாகிக் கைதடிக்கு வந்தவள். போரினால் வலிகாமத்தை விட்டு வெளியேறி, 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இலட்சக்கணக்கானோரில் நானும் ஒருத்தி. அப்போது பாடசாலை மாணவி. ஒன்றைச் சொல்கிறேன்: நான் அந்தப் பாலத்தைப் பார்க்கவில்லை. மழை, இருட்டு, முன்னால் ஒரு முதுகு. அந்த முதுகில் உரப்பையில் சுற்றிய ஏதோ ஒரு மூட்டை இருந்தது, அதில் எழுதியிருந்த எழுத்துகள் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. எங்கள் வீட்டுத் துவிச்சக்கரவண்டியின் கரியரில் அம்மாவின் தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கட்டியிருந்தோம். அதன் கால்களை வீட்டிலேயே விட்டுவிட்டோம். ஒரு அடி நகர்வதற்கு எவ்வளவோ நேரம் நிற்க வேண்டியிருந்தது. பாலம் வந்ததை நான் அறிந்தது காற்றினால். அதுவரை இரண்டு பக்கமும் ஆட்களின் சூடு இருந்தது. திடீரென்று ஒரு பக்கத்தால் ஈரக் காற்று அடித்தது. “பாலத்துக்கு வந்திட்டம், கையை விடாதை” என்று அப்பா சொன்னார். குடிக்க நீர் இல்லாமல் எங்களுக்கு முன்னால் போன ஒருவர் குடையைக் கவிழ்த்துப் பிடித்து, அதில் சேர்ந்த மழை நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

கரையிலிருந்து நீண்ட லென்ஸால் எடுத்த நாவற்குழிப் பாலத்தின் படத்தை என் கதைக்குப் பக்கத்தில் வைத்தால் அது எனக்கு அந்நியமான படம். அந்த இரவில் அந்தக் கரையில் யாரும் நிற்கவில்லை. என் நினைவுக்குப் படம் வேண்டுமானால், வீதியின் நடுவே, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில், கார்த்திகை மழையில், சாவகச்சேரிப் பக்கம் பார்த்து எடுங்கள். கடந்தவருடைய நினைவு என்றால் வீதியில் நில்லுங்கள். வலைக்காரருடையது என்றால் கீழே இறங்குங்கள். வீதி போட்டவருடையது என்றால் பழைய மதகு ஐயா சொன்னது போலத் தூணுக்குக் கிட்டப் போங்கள். யாருடைய கதை என்று முடிவு செய்யாமல் கமராவை வைக்கும் இடத்தை எப்படித் தேர்வு செய்வீர்கள்?

கேட்கும் விதத்தையும் சொல்கிறேன். ‘இடப்பெயர்வைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், நாங்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வோம். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை அது. என்ன கொண்டு போனீர்கள், எதை விட்டுவிட்டுப் போனீர்கள், யார் முன்னால் நடந்தது, எந்தக் காலில் செருப்பு இருந்தது என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு எங்களில் பலர் அதே வழியால் வலிகாமத்துக்குத் திரும்பி நடந்தோம். அந்தத் திரும்பிய பயணத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்போது பகல், வெயில். பாலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒருவருடைய துயரத்தைப் படத்தின் கீழ் இரண்டு வரியாகச் சுருக்கி ஒட்டாதீர்கள். தனித் தாளில், அவர் சொன்னபடி, அச்சிடுவதற்கு முன் அவருக்கே வாசித்துக் காட்டி அவர் நீக்கச் சொன்னதை நீக்கி வையுங்கள். பெயர் போடுவதா, ஊர் மட்டுமா, எதுவும் வேண்டாமா என்பது அவருடைய விருப்பம். முல்லைத்தீவில் உள்ள வட்டுவாகல் பாலத்தையும் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். போர் முடிந்த 2009 மே மாதத்தில் அந்தப் பாலத்தால் வந்தவர்களின் கதை, குடாநாட்டுப் பாலங்களின் வரிசையில் இன்னொரு சட்டகமாகத் தொங்க வேண்டியது அன்று. அதற்குத் தனியே நாளும் இடமும் வேண்டும், அந்த மக்களே முன்னின்று செய்ய வேண்டும்.

தீவகன் எழுதியது:

அக்கா சொல்வதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. கரையிலிருந்து எடுத்த படமும் வேண்டும். அன்றைக்கு அங்கே இல்லாத இன்றைய பிள்ளைக்கு, அவ்வளவு சனமும் ஒடுங்கி வந்த வழி எவ்வளவு குறுகியது என்பது பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும்: இரண்டு புறமும் வெளித்துக் கிடக்கும் நீர், நடுவில் அந்த ஒரே வழி. வீதியில் நின்று எடுத்த படத்தில் அந்த நெருக்கடி தெரியாது, இன்றைக்கு வாகனங்கள் இலகுவாகப் போய் வருவதுதான் தெரியும். இரண்டையும் வையுங்கள், கரைப் படம் சிறிதாக, வீதிப் படம் பெரிதாக இருக்கட்டும்.

இன்னொரு விடயம், எல்லாப் பாலங்களையும் போரோடு மட்டும் கட்டிப் போட்டுவிடக் கூடாது. பண்ணைப் பாலத்தால் தொண்ணூறுகளின் முற்பகுதியில் போக்குவரத்தே இருக்கவில்லை, அது உண்மை. ஆனால் அதே பாலத்தால்தான் குறிகட்டுவானுக்குப் பேருந்து ஓடுகிறது, நயினாதீவுக் கோயிலுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சனம் போகிறது, தீவகத்துப் பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைகளுக்கு வந்து போகிறார்கள். தொண்டைமானாற்றில் சந்நிதியான் (செல்வச்சந்நிதி முருகன்) திருவிழாக் காலத்தில் நின்று பாருங்கள், காவடியும் கற்பூரமும் கச்சான் கடையுமாகக் கரை நிறைந்திருக்கும். வல்லை ஐயாவின் மீன் கடகச் சண்டை உங்களுக்குக் கிடைத்த சொத்து. அதற்கு ஏற்ற படம் பாலம் அன்று, காலைப் பேருந்தின் யன்னலுக்குள்ளிருந்து தெரியும் வல்லை வெளி.

ரொறன்ரோ காரையான் எழுதியது:

காரைநகரில் பிறந்து நீண்ட காலமாகக் கனடாவில் இருப்பவன். உங்கள் பட்டியலில் ஒரு வகை விடுபட்டிருக்கிறது: பாலம் இல்லாத கடவைகள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் இன்றும் பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைதான் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி இறக்குகிறது, ஒரு பக்கத்தில் கடற்கோட்டை நீருக்கு நடுவே நிற்கிறது. பாதை புறப்படும் வரை துறையில் காத்து நிற்கிறவர்களின் முகங்களை எடுங்கள். பாலம் வந்த இடங்களில் இல்லாமல் போனது அந்தக் காத்திருப்புத்தான். 2011 ஜனவரி 16ஆம் திகதி, 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும் முன்னர் அந்த இடத்தைக் கடந்தவர்களும் பாதையைத்தான் நம்பியிருந்தார்கள். அவர்களிடம் கேட்டால் துறையில் குடித்த பிளேன்ரீயைப் பற்றி முதலில் சொல்வார்கள், தூரத்தைப் பற்றிப் பிறகுதான். கிளாலியையும் விடாதீர்கள். ஆனையிறவாலும் பூநகரியாலும் போக முடியாமல் போன தொண்ணூறுகளின் முதல் ஆண்டுகளில், சனம் இரவில் வள்ளங்களில் ஏறிக் கடந்தது கிளாலிக் கடலை. கடற்படையின் தாக்குதலில் அங்கே உயிர்விட்டவர்கள் பலர். இன்று போனால் வெறும் நீர்தான் இருக்கும். அந்த வெறும் நீரையே பெரிதாக எடுத்து, மற்றப் பாலங்களின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

எங்கள் பொன்னாலைத் தாம்போதியைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்பதால், மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரம் என்ற எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு வரும் வாகன வரிசையை விடியப்புறத்தில் எடுக்கச் சொல்வதோடு விட்டுவிடுகிறேன்.

புலம்பெயர்ந்த வீடுகளில் பழைய படங்கள் நிறையவே உள்ளன. யாரும் பாலத்தை எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தையும் புதிதாக வாங்கிய காரையும் எடுத்தார்கள், பாலம் பின்னால் தற்செயலாக விழுந்திருக்கிறது. ஆகவே ‘பாலத்தின் படம் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கலியாண அல்பத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்ததை அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கான் செய்யுங்கள். நெகற்றிவ் என்றால் அளவில் சிறியது என்பதால் அதைவிடப் பல மடங்கு கூட்ட வேண்டும். விபரத்தைப் படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். அல்பத்தில் பசையால் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தாளோடு சேர்த்து எடுங்கள். ஸ்கான் செய்தவற்றின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள். சனசமூக நிலையத்துக் கணினி எத்தனை வருடத்துக்கு உயிரோடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய மதகு எழுதியது:

ஒரு சிறிய சேர்க்கை. பழைய கடவைகள் எங்கே இருந்தன என்று தேடுவதற்கு நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்கள் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் வரைபடங்கள்) உதவும். துறைகளையும் பாதைகளையும் அவற்றில் குறித்திருப்பார்கள். அராலிக்குப் போகும்போது பாலத்தோடு திரும்பிவிடாமல் வழுக்கையாற்றின் வழியே உள்ளே கந்தரோடை வரைக்கும் போய்ப் பாருங்கள். ஆறு என்று குடாநாட்டில் மழைக்காலத்திலாவது சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதன் மேல் உள்ள சிறு மதகுகளை யாருமே படமெடுப்பதில்லை. வயல்காரர்களுக்கு அவை பண்ணைப் பாலத்தைவிட முக்கியமானவை.

நாவற்குழியில் புகையிரதப் பாலமும் வீதிப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடிக்கலாம். 1990இல் நின்றுபோன யாழ்தேவி புகையிரதம் 2014 ஒக்ரோபர் 13 அன்று மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்தது. இந்திய நிறுவனமான இர்க்கோன் போட்ட பாதை அது. புகையிரதம் வரும் நேரத்தை நிலையத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள். தண்டவாளத்தில் ஏறி நின்று மட்டும் எடுக்காதீர்கள்.

உப்பாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்காவின் பதிலை எங்கள் குழுவில் சத்தமாக வாசித்தோம். ட்ரோன் வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதாக முடிவாகியிருக்கிறது. ட்ரோன் நண்பர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார். இனிப் படத்தை முதலில் எடுத்துவிட்டுக் கதை தேடாமல், கதையைக் கேட்டுவிட்டு அவரையே அந்த இடத்துக்குக் கூட்டிப் போய், அவர் காட்டும் இடத்தில் கமராவை வைப்பதாக இருக்கிறோம். ஆனையிறவும் கிளாலியும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அக்கா விரும்பினால், திரும்பி வந்த பயணத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு வசதியான ஒரு நாளில் வருகிறோம், தனிமடலில் எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் ஓடிய பாதையின் படம், எந்தக் காலத்தியதாக இருந்தாலும், எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை. கலியாண அல்பம், பள்ளிச் சுற்றுலாப் படம், லொறியின் முன்னால் நின்று எடுத்த படம் என்று எதன் பின்னணியிலாவது அது விழுந்திருந்தால் இந்தத் திரியில் தெரியப்படுத்துங்கள். மூலப் படத்தை அனுப்பத் தேவையில்லை, நாங்களே ஸ்கானரோடு வீட்டுக்கு வருவோம்.